பதினோரு இடத்தில் நான்

நெல்லித்தோப்பு,
4-2-2025

அன்புள்ள அன்னத்துக்கு,

உன் டைரி அச்சாகிவிட்டது. நேற்றுப் பகல் நம் தெரு பிரெஞ்சு வாத்தியார் லூயிஸ் முசே கடைக்கு வந்து ஆறு கீலும் ஒரு தாழ்ப்பாளும் வாங்கினார். போகும்போது மேசைமேல் ஒரு பத்திரிகையை வைத்து, "நாப்பத்தியோராம் பக்கம் பாருங்க பக்கிரி, பெருமைப்படணும் நீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்தேன். 'அன்னக்கிளி, நெல்லித்தோப்பு' என்று போட்டிருந்தது. நெல்லித்தோப்பில் எழுதுகிற அன்னக்கிளி வேறு யாராவது இருக்கிறார்களா என்று முதலில் யோசித்தேன். இரண்டாம் பக்கத்தில் நம் வீட்டுக் குழாய் ஒழுகியது. அதற்கப்புறம் சந்தேகம் இல்லை.

நீ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். எழுதினால் படிப்பேன் என்று மகள் சுடர்விழியிடம் சொல்லியிருக்கிறாய். இங்கிருந்து கதிர்காமம் நாலு கிலோமீட்டர். நாலு கிலோமீட்டருக்கு ஸ்டாம்பு ஒட்டுகிறவன் புதுச்சேரியிலேயே நான் ஒருத்தன்தான் இருப்பேன். அவள் பிரசவத்துக்கு என்று போனவள், குழந்தை பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிற வரைக்கும் திரும்பவில்லை. பதினோரு மாதம். அதை இந்தக் கடிதத்தில் கேட்கப் போவதில்லை. வேறு ஒன்று கேட்கவேண்டும்.

பதினெட்டுப் பக்கத்தையும் மூன்று தடவை படித்தேன். மூன்றாம் தடவை கையில் பென்சில் வைத்துக்கொண்டு. நான் பதினோரு இடத்தில் வருகிறேன். லூயிஸ் முசே வீட்டு நாய் ழோலி பத்தொன்பது இடத்தில் வருகிறது. அதன் காது எப்படி மடியும், மழை வந்தால் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கும், எல்லாம் எழுதியிருக்கிறாய். எனக்கு என்ன இருக்கிறது? 'கடைக்குப் போனார்.' 'கடையிலிருந்து வந்தார்.' ஐந்து தடவை போயிருக்கிறேன், ஆறு தடவை வந்திருக்கிறேன். ஒரு தடவை போகாமலே வந்திருக்கிறேன் போல.

முன்னால் முசே அரைப்பக்கம் எழுதியிருக்கிறார். அதில் ஒரு வார்த்தை: 'இந்த எழுத்தின் பலம் இதன் நாட்குறிப்புத்தன்மை.' அப்படி என்றால் என்ன? டைரியை டைரி மாதிரி இருக்கிறது என்று சொல்வதற்கு ஒரு வாத்தியார் வேண்டுமா? அதே பத்திரிகையில் பின்பக்கம் ஒரு கவிஞரைப் பிடித்து, 'வெறும் நாட்குறிப்புத்தன்மையிலேயே நின்றுவிடுகிறார்' என்று இன்னொருவர் திட்டியிருக்கிறார். ஒரே வார்த்தை முன்னால் மாலை, பின்னால் செருப்பு. ஒரே சரக்கில் இரண்டு லேபிள் ஒட்டினால் என் கடையில் யாரும் வாங்கமாட்டார்கள். எது சரி?

மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். சண்டே மார்க்கெட்டில் சாக்கு விரித்துப் பூட்டு விற்று மேலே வந்தவன் நான். முப்பத்தைந்து வருஷமாக ஊருக்கே பூட்டு விற்கிறேன். என் வீட்டில் இருந்த டைரியைத் தெருக்கோடி மனுஷன் படித்திருக்கிறார், நான் படிக்கவில்லை. அதை அவர் கையில் நீதான் கொடுத்தாயா?

இப்படிக்கு,
உன்னைக் கேட்காமல் உன்னைப் படித்த
பக்கிரி


கதிர்காமம்,
9-2-2025

சுடர்விழி அப்பாவுக்கு,

நலம். குட்டிக்கு மேல் பல் இரண்டு வெட்டியிருக்கிறது. சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுங்கள். சாப்பிட்டுவிட்டு ஞாபகம் வந்தால் போடுவது கணக்கில் வராது.

ஏன் போனை எடுப்பதில்லை என்று சுடர் மூலமாகக் கேட்டிருந்தீர்கள். போனில் பேசினால் நீங்கள் வியாபாரி, நான் வாடிக்கைக்காரி. கடைசியில் உங்கள் விலைக்கே வாங்கிக்கொண்டு போவேன். எழுத்தில் இரண்டு பேருக்கும் ஒரே தரை.

வார்த்தைக்கு அர்த்தம் கேட்டீர்கள். எனக்கும் தெரியாமல் முசேவைத்தான் கேட்டேன். டைரி என்பது பொருள், அந்த வார்த்தை அதன் குணம் என்றார். புளி வேறு, புளிப்பு வேறு இல்லையா, அப்படி. டைரியில்லாத கதையிலும் கட்டுரையிலும்கூட அந்தக் குணம் இருக்கலாமாம். கதை எழுதுகிறவருக்கு முடிவு தெரியும், அதற்குத் தோதாக ஆரம்பத்தை வைப்பார். நாட்குறிப்பு எழுதுகிறவருக்கு நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. பால் திரிந்ததும் ஒருத்தர் செத்ததும் அடுத்தடுத்த வரியில் வரும். எதைப் பெரிதாக்குவது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது நன்றாக வந்தால் அந்த வார்த்தை மாலை. எதையுமே கவனிக்காமல் எழுந்தேன், குளித்தேன், சாப்பிட்டேன் என்று போனால் அதே வார்த்தை செருப்பு. லேபிள் ஒன்றுதான். சரக்குதான் இரண்டு.

பென்சிலால் எண்ணினீர்களாம். அச்சானது மூன்று வருஷத்து டைரியிலிருந்து எடுத்தது. அந்த மூன்று வருஷம் நீங்கள் கடைக்குப் போனீர்கள், வந்தீர்கள். நடந்ததைத்தான் எழுத முடியும். ழோலி தினமும் நம் வாசலில் வந்து படுத்தது.

எழுதின டைரி எல்லாம் நீங்கள் தந்ததுதான். தை பிறக்கும்முன் பூட்டுக் கம்பெனியும் பெயின்ட் கம்பெனியும் கடைக்கு அனுப்புமே, சிவப்பு ரெக்சின் அட்டை, தங்க எழுத்து. நல்லதையெல்லாம் வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, மூலை மடங்கினதை "இந்தா வெச்சிக்க" என்று என்னிடம் போடுவீர்கள். இருபத்திரண்டு வருஷம் போட்டீர்கள். ஒரு தடவையாவது, அதை என்னடி செய்கிறாய் என்று கேட்கவில்லை.

முசேவிடம் முதல் தாளை நான் கொடுக்கவில்லை. அது தானாகப் போனது. எப்படிப் போனது என்று அவரையே கேளுங்கள். நான் சொன்னால் சண்டையாகும்.

அன்னக்கிளி


நெல்லித்தோப்பு,
17-2-2025

அன்னத்துக்கு,

கேட்டேன். முசே வீட்டுக்குப் போனேன். போகும்போது எனக்கு இருந்த கோபத்துக்கு, நடந்து போனால் குறைந்துவிடும் என்று மூன்று வீடு தள்ளி இருக்கிற வீட்டுக்கு ஸ்கூட்டரில் போனேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நீ எழுதுகிற மாதிரி வராது.

ரூபி அம்மா கதவைத் திறந்தார். நாய் என்னைப் பார்த்து ஒரு தடவை குரைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது. அதற்கும் நான் பதினோரு இடம்தான் போல.

"முசே, எங்க வீட்டம்மா டைரி உங்க கையில எப்படி?" என்றேன்.

"உட்காருங்க பக்கிரி."

"உட்கார வரல. இருபத்தெட்டு வருசம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவரு நீங்க. அடுத்தவன் வீட்டு டைரிய பிரெஞ்சுல இன்னான்னு சொல்வீங்க?"

மனிதர் கொஞ்சம்கூடக் கோபப்படவில்லை. "ழுர்னால் அந்தீம்" என்றார்.

"அந்தீம்னா?"

"அந்தரங்கம்."

"பாத்தீங்களா! நீங்களே சொல்றீங்க."

உள்ளேயிருந்து ரூபி அம்மா சிரித்தார். "பக்கிரி அண்ணே, இவரு மேலயா பொறாமைப்படறீங்க? இவருக்குச் சட்டை பட்டன மேலயிருந்து போடணுமா கீழயிருந்து போடணுமான்னே தெரியாது. நாப்பது வருசமா நான்தான் போட்டுவிடறேன். வேணும்னா நீங்களே கூட்டிட்டுப் போங்க."

முசே எழுந்து போய் ஒரு தடித்த அகராதியைக் கொண்டுவந்தார். நடுவில் ஒரு தாள். இஸ்திரி போட்டு வைத்த மாதிரி மடிப்பு நீக்கி வைத்திருந்தார். அதில் நாலைந்து துருக்கறை, வரிசையாக, ஆணி படுத்த நீளத்துக்கு. மேலே பூட்டுக் கம்பெனி பெயர், 2011, மார்ச். நடுவில் உன் கையெழுத்து. முத்து முத்தாக.

"போன வருசம் உங்க கடையில கால் கிலோ ரெண்டங்குல ஆணி வாங்கினேன். வீட்டுக்கு வந்து பொட்டலத்தப் பிரிச்சேன். ஆணிய மறந்துட்டேன், ஒரு மணி நேரம் தாளப் படிச்சிட்டிருந்தேன். யாரு எழுதினதுன்னு கேட்டுத்தான் உங்க வீட்டுக்கு வந்தேன். அவங்க கதவைத் திறந்தாங்க. தாளைக் காட்டினேன். மிச்சம் இருக்கான்னு கேட்டேன். நாலு நாள் கழிச்சு மூணு டைரி கொண்டாந்து குடுத்தாங்க. அவ்வளவுதான் பக்கிரி. திருட்டும் இல்ல, ஒளிவும் இல்ல. உங்க கடை பொட்டலந்தான்."

தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். அகராதியை மூடிவிட்டார். "இது அவங்ககிட்டதான் கேக்கணும்" என்றார். என் கடைத் தாள், என் வீட்டு எழுத்து. அவர் மூடுகிறார், நான் பார்க்கிறேன்.

சரி. நானும் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். போன வருஷம் பரண் ஒழித்தபோது அந்த டைரியை எடுத்தேன். பழசு என்று நினைத்தேன். டைரித் தாள் தடிப்பு. செய்தித்தாள் மாதிரி இல்லை, ஆணி குத்தாது. அதிலும் எழுதின தாள் என்றால் பொட்டலத்துக்கு உத்தமம். வெள்ளைத் தாளைக் கிழிக்க எனக்கு மனசு வராது. அதில் நீ இருக்கிறாய் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

ஆனால் அவர் கேட்டதும் மூன்று டைரி கொடுத்தாயே, அது ஏன்? இருபத்திரண்டு வருஷம் நீ எழுதின அதே வீட்டில் இருந்த எனக்கு ஒரு வரி படித்துக் காட்டவில்லையே, அது ஏன்?

இன்னொன்று. நானும் டைரி எழுத ஆரம்பித்திருக்கிறேன். இந்த வருஷத்து கம்பெனி டைரி, மூலை மடங்காதது. ஒரு பக்கம் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். முசே எழுதின அந்தக் குணம் இதில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்.

பக்கிரி

(உடன் வைத்த தாள்)

12-2-2025. புதன். காலையில் கடை திறந்தேன். வெயில். ஒன்பது பேர் பூட்டு கேட்டார்கள், ஏழு பேருக்குக் கொடுத்தேன். மதியம் ஓட்டல் சாம்பார், உன் கைப்பக்குவம் வராது. சாயங்காலம் உன்னை நினைத்தேன். லூயிஸ் முசே தெருவில் நாயோடு போனார். நான் பார்க்கவில்லை.


கதிர்காமம்,
23-2-2025

சுடர்விழி அப்பாவுக்கு,

உங்கள் டைரியைப் படித்தேன். சுடரும் படித்தாள். 'நாயோடு போனார், நான் பார்க்கவில்லை' என்ற இடத்தில் சிரித்துச் சிரித்துக் குட்டியை எழுப்பிவிட்டாள்.

டைரிதான். அந்தக் குணம் இல்லை. 'உன்னை நினைத்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். டைரியில் யாரய்யா 'உன்னை'? நான் படிப்பேன் என்று தெரிந்து எழுதினது. சரக்கை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டுகிறீர்கள், எடுத்துக்கொள் என்று. தேதி போட்ட கடிதம் அது. யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற நாளில் என்ன எழுதுவீர்களோ, அதற்குத்தான் அந்த வார்த்தை.

ஏன் அவரிடம் கொடுத்தேன் என்று கேட்டீர்கள். கேட்டார், கொடுத்தேன். மிச்சம் இருக்கிறதா என்று என்னிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

நீங்கள் பரணிலிருந்து எடுத்தது எந்த வருஷத்து டைரி என்று தாளில் பார்த்தும் உங்களுக்கு உறைக்கவில்லை. இப்போது சொல்கிறேன். 2011. மார்ச் மாதம் ரயில்வே கேட்டில் ஸ்கூட்டரோடு விழுந்து கால் எலும்பு முறிந்து வந்தீர்களே, அந்த வருஷம். நூறு நாள் வீட்டில் இருந்தீர்கள். கல்யாணம் ஆனதிலிருந்து நீங்கள் பகலில் வீட்டில் இருந்து நான் பார்த்தது அந்த நூறு நாள்தான். குழம்பில் உப்பு கேட்பீர்கள், பேப்பரை உரக்கப் படிப்பீர்கள், நான் துணி காயப்போடும்போது கொக்கி கோணலாக இருக்கிறது என்று கத்துவீர்கள். கட்டையை ஊன்றி நடக்கக் கற்றீர்கள். அந்த டைரியில் நாய் இல்லை, குழாய் இல்லை. பக்கம் பக்கமாக நீங்கள்தான்.

போன வருஷம் பிப்ரவரியில் மதியச் சாப்பாட்டுக் கேரியரோடு கடைக்கு வந்தேன். தச்சர் அம்மாவாசைக்கு ஆணிப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தீர்கள். கடைசித் தாளைச் சர்ரென்று கிழித்து, கூம்பாகச் சுருட்டி, ஆணியைக் கொட்டி, தலையை மடித்துச் செருகினீர்கள். என் கையெழுத்து. மேசையில் வெறும் ரெக்சின் அட்டை மட்டும் இருந்தது. நான் நின்றேன். "இன்னாடி நிக்கற? கேரியர வெச்சிட்டுப் போ, கூட்டமா இருக்குது" என்றீர்கள். வைத்துவிட்டுப் போனேன்.

பதினோரு இடம், பத்தொன்பது இடம் என்று எண்ணினீர்களே. உங்களை எழுதின வருஷத்தை நீங்களே கால் கிலோ, அரைக் கிலோவாக ஊருக்குக் கொடுத்துவிட்டீர்கள். மிச்சத்தில் எண்ணினால் நாய்தான் அதிகம் வரும்.

அன்னக்கிளி


நெல்லித்தோப்பு,
20-3-2025

அன்புள்ள அன்னத்துக்கு,

கிட்டத்தட்ட ஒரு மாதம் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல் இல்லை. கையில் ஏதாவது இல்லாமல் எழுத வெட்கமாக இருந்தது. இப்போது ஒன்பது தாள் இருக்கிறது.

ஆணி வாங்குகிறவன் எல்லா ஆணியையும் அடித்துவிட மாட்டான் என்பது எனக்குத் தெரியும். மிச்சம் பொட்டலத்தோடேயே பெட்டியில் கிடக்கும். யார் யார் வாங்கினார்கள் என்று எனக்கு நினைவு இருக்கிறது. அது ஒன்றுதான் எனக்குப் படிப்பு. கடையை மதியம் மூன்று மணி நேரம் அடைத்துவிட்டுப் போனேன். ஆமாம், அடைத்தேன். தெருவில் யார் செத்தார்கள் என்று நாலு பேர் வந்து கேட்டார்கள்.

முதலில் அம்மாவாசை. "இன்னாண்ணே இது, ஒரு வருசம் கழிச்சு ஆணியத் திருப்பிக் கேக்கற?" என்றான்.

"ஆணி உனக்கே. தாள் எனக்கு."

"தாளா? அதுல இன்னா, லாட்டரி நம்பரா?"

நாலு பொட்டலம் எடுத்தான். ஆணியைப் போட்டுக்கொள்ள மூடி வைத்த புது டப்பா கொண்டுபோயிருந்தேன். தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "ஒண்ணு நான் படிச்சிட்டேண்ணே. யாரோ கால் ஒடிஞ்ச ஆளு, ஆத்தாடி, இன்னா அழும்பு பண்றான்! சிரிப்பா இருந்திச்சு. அடுத்த பக்கம் கெடைக்கும்னு இன்னொரு அரைக் கிலோ வாங்கினேன். பாத்தா மாதம் தாண்டிப் பூடுச்சு."

நீ எழுதினதைத் தொடர் கதையாக ஆணியோடு வாங்கிப் படித்திருக்கிறான். அவன் மேலும் எனக்குப் பொறாமை வந்தது, எழுதிவைக்கிறேன்.

வெல்டர் மண்ணாங்கட்டி கையெண்ணெய் துடைத்து எறிந்துவிட்டானாம். எத்தனை என்று கேட்டேன், ஏழெட்டு இருக்கும் என்றான். அவனை ஒன்றும் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. முதலியார்பேட்டை விஜயராகவன் மேஸ்திரி ஐந்து கொடுத்தார். அதில் ஒன்று சிமென்டில் ஒட்டிப் பாதிதான் வந்தது. தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பிரித்தேன்.

அத்தனையையும் படிக்காமல் உன்னிடம் அனுப்பவேண்டும் என்றுதான் இருந்தேன். ஒன்றைப் படித்துவிட்டேன். பொய் சொல்லமாட்டேன். ஏப்ரல் ஆறு. நீ எழுதினதை நானே திருப்பி எழுதுகிறேன், சரியாக இருக்கிறதா பார்:

'இன்று அவர் கட்டையை ஊன்றி ஜன்னல் வரை போனார். தெருவில் போன ஐஸ்காரனைக் கூப்பிட்டு, வண்டி மூடிக்குக் கீல் தளர்ந்துபோச்சு, மாத்து என்றார். ஐஸ்காரன் போன பிறகு என்னைப் பார்த்து, "தெனமும் நீ இந்த ஜன்னல்லதான் நிப்பியா?" என்றார். ஆமாம் என்றேன். "நல்லாத்தான் இருக்குது" என்றார். இரண்டு பேரும் நின்றோம். அடுப்பில் பால் பொங்கி வழிந்த சத்தம் கேட்டது. போகவில்லை.'

அந்த வார்த்தைக்கு இப்போது அர்த்தம் தெரிகிறது. முசே சொன்னதாலோ நீ சொன்னதாலோ இல்லை. பால் வழிந்தும் நீ போகவில்லை, அதை எழுதினபோது அடுத்த நாள் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாது. நான் ஜூனில் கடைக்குப் போய்விடுவேன், அந்த ஜன்னலுக்குத் திரும்பவே மாட்டேன் என்று தெரிந்திருந்தால் இப்படி எழுதியிருக்கமாட்டாய்.

முசே மேல் இருந்த பொறாமை போய்விட்டது. நேற்று அவரே வந்தார், டீ வாங்கிக் கொடுத்தேன், நாய்க்கு பிஸ்கட் கொடுத்தேன். ஆனால் பொறாமை வேறு இடத்துக்குப் போயிருக்கிறது. அந்தக் கால் ஒடிந்த ஆளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அவனுக்காக ஒருத்தி பாலை வழியவிட்டிருக்கிறாள். அவன் அது தெரியாமல் ஐஸ் வண்டிக்குக் கீல் விற்றுக்கொண்டு நிற்கிறான். நான் அவனாக இருந்திருக்கிறேன், அன்னம். எனக்கு ஞாபகமே இல்லை. நீ எழுதாமல் இருந்திருந்தால் எனக்கு அப்படி ஒரு நாள் நடக்கவே இல்லை.

மற்ற எட்டையும் படிக்கவில்லை. கவிழ்த்து வைத்திருக்கிறேன். என்ன செய்வது, சொல்.

பக்கிரி


கதிர்காமம்,
27-3-2025

சுடர்விழி அப்பாவுக்கு,

ஏப்ரல் ஆறு சரியாக இருக்கிறது. 'போகவில்லை' என்பதற்கு முன்னால் 'நான்' என்று ஒரு வார்த்தை இருந்த ஞாபகம். துரு மறைத்திருக்கும்.

உங்களுக்கு மட்டும்தான் பொறாமை என்று நினைக்கவேண்டாம். எனக்கும் இருந்தது, அந்தக் கடை மேல். கடைக்கு வருகிறவனின் அம்மாவுக்கு மூட்டுவலி, அவன் தங்கைக்கு எங்கே சம்பந்தம் பேசுகிறார்கள், எல்லாம் உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தால் பேச்சு தீர்ந்துபோயிருக்கும். உங்களிடம் சொல்ல வைத்திருந்ததைத்தான் டைரியில் சொன்னேன். கேட்க ஆள் இல்லாததால் அது நன்றாக வந்தது என்று முசே சொல்கிறார். அப்படி ஒரு பாராட்டு எனக்கு வேண்டியிருக்கவில்லை.

தாளை அனுப்பவேண்டாம். தபாலில் தொலையும். நீங்களே கொண்டுவாருங்கள். என்னிடம் இருபத்தொரு டைரி இருக்கிறது, இங்கே சுடரின் அலமாரியில். நீங்கள் 2011-இல் ஒரு பக்கம் கொண்டுவந்தால், நான் என்னிடம் இருப்பதில் ஒரு பக்கம் படித்துக் காட்டுகிறேன். எந்தப் பக்கம் என்பது என் இஷ்டம். அதில் நீங்கள் கடைக்குப் போய்விட்டு மட்டும் வரலாம். கேட்டுக்கொண்டு உட்காரவேண்டும்.

அன்னக்கிளி


நெல்லித்தோப்பு,
30-3-2025

அன்னத்துக்கு,

இன்று இன்னும் ஐந்து கிடைத்தது, ஆக பதினான்கு. என் ஒன்றுக்கு உன் இரண்டாகப் போடு. சிமென்டில் ஒட்டினது இருக்கிறது, தண்ணீர் தொட்டுப் பிரித்த கூலி இருக்கிறது. அம்மாவாசைக்கு டப்பா வேறு.

பக்கிரி


கதிர்காமம்,
2-4-2025

சுடர்விழி அப்பாவுக்கு,

இல்லை.

அன்னக்கிளி


நெல்லித்தோப்பு,
5-4-2025

அன்புள்ள அன்னத்துக்கு,

சரி. கேட்டுப் பார்த்தேன், பழக்கம்.

என் டைரியைத் தொடர்ந்து எழுதுகிறேன். உனக்கு அனுப்பமாட்டேன். நேற்று என்ன எழுதினேன் என்று சொல்லவும் மாட்டேன். மாத்திரையை முன்னால்தான் போடுகிறேன்.

எழுத்தில் இருக்கட்டும் என்று பேசினதை எழுதிவைக்கிறேன். ஞாயிறு சாயங்காலம் நாலு மணி, கதிர்காமம், சுடர் வீடு. சண்டே மார்க்கெட் நாளில் கடை அடைக்கிறேன். அதைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கு ஒரு தாள். நீ படிக்கும்போது நான் குறுக்கே பேசமாட்டேன், எண்ணமாட்டேன், பென்சில் கொண்டுவரமாட்டேன். முசே வரக்கூடாது, நாய் வரலாம். டைரி வைக்கிற அலமாரிக்கு நல்ல பூட்டு ஒன்று நான் போடுகிறேன், பித்தளை, ஆறு லீவர், சாவி இரண்டும் உன் கையில். இனி கம்பெனி டைரி இல்லை. உனக்கு வேண்டிய நோட்டை நீயே பார்த்து எடு. என் கடையில் இனிமேல் ஆணி டப்பாவில்தான் போகும். நீ வீட்டுக்குத் திரும்புவது இந்தப் பேச்சில் இல்லை, அதை நான் கேட்கவும் இல்லை.

கையில் பதினான்கு தாள், ஆகப் பதினான்கு ஞாயிறு. அதற்கப்புறமும் வேண்டுமென்றால் நான் தேடிக்கொண்டு வரவேண்டும்.

ஒரு பக்கத்துக்கு ஒரு பக்கம்.

பக்கிரி